கண்வலிக்கிழங்கும் என் கால்வலியும்

கொடைக்கானலின் குளிர் எல்லார்க்கும் இனிதாக அமைவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவில், அங்கே நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, என் வலது கால் பெருவிரலின் அடிமூட்டில் திடீரெனத் தீ மூண்டது. தீ என்று சொல்வது மிகையன்று. மூட்டு சிவந்து, பருத்து, தொட்டால் சுட்டது. போர்த்தியிருந்த கம்பளியின் எடையைக்கூட அந்த விரல் தாங்கவில்லை. நண்பர் மனம் கேளாமல் யூகலிப்டஸ் தைலம் கொண்டு வந்தார்; அவர் விரல் நெருங்கும் முன்பே நான் அலறிவிட்டேன். ஐம்பத்தெட்டு வயது மனிதன் ஒருவன் தன் கால் விரலுக்காக விடியும்வரை அழுதான் என்று எழுத இன்றும் நாணமாகவே உள்ளது.

காலையில் மருத்துவர் பார்த்தார். இது கவுட் என்னும் மூட்டுநோய் என்றார். இரத்தத்தில் மிகுந்துபோன யூரிக் அமிலம் ஊசி போன்ற நுண்படிகங்களாக மூட்டில் படிகிறது. உடலில் குளிர்ந்த இடம் கால் விரலாதலால் பெரும்பாலும் அங்கேதான் அது முதலில் படியும் என்று விளக்கினார். பிறகு ஒரு சிறு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தார். அரை மில்லிகிராம் கோல்ச்சிசின். "அளவு தப்பினால் இது நஞ்சு, சொன்னதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்" என்றார். புறப்படும்போது புன்னகையோடு மேலும் ஒன்று சொன்னார்: "இது எங்கோ ஐரோப்பாவில் பிறந்த பொருள் என்று எண்ணாதீர்கள். இந்த மலைக்குக் கீழேயே விளைகிறது."

அவர் கூறியதன் பொருள் நான்கு நாட்கள் கழித்துத்தான் புரிந்தது. பெருமாள்மலை, சவரிக்காடு வழியாகப் பழனிக்கு இறங்கி, அங்கிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு வடக்கே உறவினர் ஒருவர் ஊருக்குச் சென்றேன். வறண்ட செம்மண் பூமி. வேலிகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கம்பிப் பந்தல்கள். அவற்றைப் பற்றியேறிய கொடிகளில் கடைசிப் பருவத்துப் பூக்கள் சில. கீழே பச்சையும் மஞ்சளும், மேலே செந்தழலுமாக இதழ்களைப் பின்னோக்கி விரித்து நின்றன. செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் முதலில் நிற்பது. உழவர் வழக்கில் அதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர். கிழங்கின் வளைவைக் கண்டு கலப்பைக்கிழங்கு என்பாரும் உளர். நான் விழுங்கிய மாத்திரையின் உட்பொருள் இதன் விதையிலும் கிழங்கிலும் உறைகிறது. இதன் கிழங்கை உண்ணத்தக்க கிழங்கென மயங்கித் தின்று உயிரிழந்தோர் தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு.

ஒரே செடி, ஒருவர்க்கு நஞ்சு, ஒருவர்க்கு மருந்து. இந்த வியப்போடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இராது. ஆயின் அந்த வயலில் நான் கண்ட ஒரு காட்சி, வலி என்பதைக் குறித்து அதுவரை நான் கொண்டிருந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. அதைச் சொல்வதற்கு முன், என் விரலில் மூண்ட தீ எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருத்துவ நூலார் இதனை அழற்சி என்பர். அழல் என்னும் நெருப்பினின்று பிறந்த சொல். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை எழுத்தாளர் செல்சஸ் இதன் அடையாளங்கள் நான்கென வகுத்தார்: சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல். நெடுங்காலம் மாந்தர் இதனை ஒரு நோயாகவே கருதினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், அழற்சி தன்னளவில் நோயன்று, உடல் தனக்கு நேர்ந்த கேட்டைச் சரிசெய்ய மேற்கொள்ளும் நற்செயலே என்று எழுதினார். 1882-ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் தங்கியிருந்த உருசிய அறிஞர் மெச்னிக்காவ், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் தோட்டத்து ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நோக்கியபோது, உடலுக்குள் திரியும் உயிரணுக்கள் பல அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன. யாரும் ஆணையிடவில்லை, புண்பட்ட இடம் நோக்கி அவை தாமே வந்திருந்தன. இவ்வழியில் அவர் செய்த ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு கிட்டியது.

சிவப்பும் வெப்பமும் அங்கே குருதி மிகுதியாகப் பாய்வதன் அடையாளம். வீக்கம், குழாய்ச் சுவர்களின் வழியே நீரும் வெள்ளணுக்களும் வெளியேறி வந்திருப்பதன் அடையாளம். வலியோ, அவ்வுறுப்பை இப்போது வருத்தாதே என்னும் எச்சரிக்கை. உடலின் ஒரு கோடியில் முள் தைத்தால் மற்றைய பாகங்கள் அதனைத் தனியே விட்டுவிடுவதில்லை என்பதே அழற்சி நமக்கு உணர்த்துவது.

ஆனால் கவுட் நோயில் இந்த நற்பண்பே துன்பமாகிறது. உப்புப் படிகத்தைப் பகைவனென்று கருதி வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாக விரைகின்றன, விழுங்க முயல்கின்றன, சிதைகின்றன, சிதைவில் வெளிப்படும் பொருள்கள் மேலும் பலரை அழைக்கின்றன. உதவ வந்தோரின் நெரிசலால் வீடே இடிந்து விழுவது போன்ற நிலை. கோல்ச்சிசின் இங்கேதான் குறுக்கிடுகிறது. உயிரணுவுக்குள் அதன் வடிவத்தையும் அசைவையும் தாங்கும் நுண்குழல்கள் உள்ளன. அவை கட்டப்படுவதை இம்மருந்து தடுக்கிறது. வெள்ளணுவின் ஓட்டம் தளர்கிறது, கூச்சல் அடங்குகிறது. அளவு மிகுந்தாலோ குடலிலும் எலும்பு மச்சையிலும் ஓயாது பிரிந்து பெருகும் உயிரணுக்களும் நின்றுபோகும். அதற்கு மாற்று மருந்து என்று கைக்கொள்ளத்தக்கது ஏதும் இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்க்குச் சிற்றளவும் தீங்காகக்கூடும்.

ஐரோப்பாவில் இதே பொருளைத் தரும் வேறொரு செடியின் கிழங்கை, ஆறாம் நூற்றாண்டிலேயே டிரால்லஸ் நகரத்து அலெக்சாண்டர் என்னும் மருத்துவர் மூட்டுநோய்க்குத் தந்தார். 1820-இல் அதன் உட்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் பின்னும் நெடுங்காலம் மருத்துவர் கைக்கொண்ட வழக்கம் என்ன தெரியுமா? வலி தணியும்வரை, அல்லது வயிறு கலங்கி நோயாளி ஓடும்வரை, மணிக்கொரு முறை கொடுத்துக்கொண்டே இருப்பது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வுதான் இதனை முறையாகச் சோதித்தது. ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் பெற்றவர்களைவிட, ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் மட்டும் பெற்றவர்கள் வலி தணிவதில் குறைந்துபோகவில்லை. வயிற்றுப்போக்கோ, முன்னவருள் நூற்றுக்கு 77 பேர்க்கு. பின்னவருள் 23 பேர்க்கு. மிகுதியே வலிமை என்று நம்பிப் பல தலைமுறை நோயாளிகளைத் தேவையின்றி வருத்தியிருக்கிறோம்.

இங்கே நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவும் ஒரு வினாவையும் தொட்டாக வேண்டும். துன்பம் இறைவன் தந்த சிலுவை. அதனை மருந்தால் போக்கிக்கொள்வது தகுமா? என் பாட்டி கடைசி நாட்களில் வலி நீக்கும் ஊசியை வேண்டாமென்றே மறுத்தார். ஆண்டவர் சிலுவையில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை ஏற்கவில்லையே என்பது அவர் காட்டிய சான்று. மாற்கு நற்செய்தியில் அது உண்மையே. ஆனால் அதே ஆண்டவர் சொன்ன கதையில், வழியோரம் குற்றுயிராய்க் கிடந்தவனுடைய காயங்களில் சமாரியர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கிறார். அதனைச் செய்யாது விலகிச் சென்றோரே குறை கூறப்படுகின்றனர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. தன் வலியைத் தாங்கிக்கொள்ள ஒருவர் தாமே முடிவு செய்யலாம். பிறருடைய வலியைத் தாங்கிக்கொள்ளும்படி சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. 1957 பிப்ரவரியில் மயக்க மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், வேறு வழியில்லாத நிலையில், வலி தணிக்கும் மருந்து உணர்வை மங்கச் செய்தாலும், வாழ்நாளைச் சற்றே குறைத்தாலும்கூட, அதனைத் தருவது தகும் என்றே விடை பகர்ந்தார். ஆகவே வலி நீக்கம் நல்லது என்பதில் ஐயம் வேண்டா. மாத்திரையை விழுங்கிய நான் எந்த அறத்தையும் மீறவில்லை.

அவ்வாறே எண்ணி நிறைவு கொண்டிருந்தேன், அந்த வயலில் நிற்கும்வரை.

செங்காந்தள் பூவின் அமைப்பு விந்தையானது. அதன் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தம் தாங்கும் இழைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டு நிற்கும். மகரந்தம் தானாகச் சென்று சேர்வது அரிது. வண்டையும் காற்றையும் மட்டும் நம்பினால் காய் பிடிப்பது குறைவு. ஆகவே பூக்கும் பருவம் முழுவதும் உழவரும் கூலியாட்களும், பெரும்பாலும் பெண்கள், விடிந்ததும் வயலில் இறங்கிப் பூவுக்குப் பூ மகரந்தத்தைத் தொட்டு எடுத்துச் சூல்முடியில் வைக்கின்றனர். நான் கண்ட அன்று, கொடிகளுக்கிடையே இரு பெண்கள் இடுப்பை வளைத்தபடியே நகர்ந்துகொண்டிருந்தனர். கையுறை இல்லை. நிமிரும்போதெல்லாம் ஒரு கை தானாக முதுகுக்குச் சென்றது.

வயலுக்கு உரியவர் அறுபது வயதை நெருங்கியவர். "பூ விரிஞ்சதும் கை வைக்கணுங்க ஐயா. வெயில் ஏறிட்டா பிடிக்காதுங்க" என்றார். இந்த விதை எங்கே போகிறது என்று கேட்டேன். "யாவாரி வருவாரு, எடை போடுவாரு, போயிருவாரு. வெளிநாட்டுக்குன்னு சொல்றாங்க. யாரு சாப்பிடுறாங்க, எதுக்குச் சாப்பிடுறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். நான் என் காலணியைக் கழற்றி, வீக்கம் வடிந்த விரலைக் காட்டி, இதற்குத்தான் என்றேன். அவர் குனிந்து உற்று நோக்கினார். "இந்தக் காலுக்குத்தானுங்களா?" என்று வியந்தவர், சற்று நேரம் கழித்து, "இப்ப தேவலைங்களா?" என்று கேட்டார். இத்தனை ஆண்டு விளைவித்த பயிரின் பயனை அவர் நேரில் கண்டது அன்றுதான் போலும்.

பிறகு அவர் துணைவியார் தம் முதுகு வலியைச் சொன்னார். அதற்கு அவர் விளைவிக்கும் மருந்து உதவாது. கடைத்தெருவில் மருத்துவர் சீட்டின்றி வாங்கும் வேறு மாத்திரைகளை அவர் நாள்தோறும் விழுங்கி வந்தார். அத்தகைய வலி மாத்திரைகள் பல, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன. ஆனால் அதே பொருள்கள்தாம் இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன, சிறுநீரகத்தின் குருதியோட்டத்தையும் பேணுகின்றன. ஆண்டுக்கணக்கில் கேட்பாரின்றி விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் தளரும். "சாப்பிட்டாத்தான் மறுநா குனிய முடியுதுங்க" என்றார் அவ்வம்மையார். என் விரல் தணிவதற்காக, முகமறியாத யாரோ ஒருவர் தம் முதுகைத் தேய்த்திருக்கிறார். வலி நீங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. இந்த எண்ணம் என்னைச் சுட்டது.

விலையைப் பற்றியும் பேசினார்கள். கிழங்கு வாங்க, கம்பி கட்ட, புழுவுக்கு மருந்தடிக்க, கூலி கொடுக்க என்று முதலில் பெருந்தொகை இறைக்க வேண்டிய பயிர் இது. விளைந்த பின்போ விலையைச் சொல்பவர் வாங்குபவரே. ஒரு பருவத்தில் ஏறும், மறு பருவத்தில் சரியும். ஏன் ஏறியது, ஏன் சரிந்தது என்று விளைவித்தவர்க்குத் தெரியாது. கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் நெடுங்காலமாக ஒரு கோல்ச்சிசின் மாத்திரை பத்து சென்டுக்கும் குறைவாகக் கிடைத்தது. 2009-இல் ஒரு நிறுவனம் முறையான சோதனை நடத்தி, அரசின் ஒப்புதலோடு சில ஆண்டுகளுக்குத் தனி விற்பனை உரிமையும் பெற்றது. மாத்திரையின் விலை ஐந்து டாலரை நெருங்கியது. அளவு குறைந்தாலே போதும் என்று உலகுக்குக் கற்பித்த அதே ஆய்வுதான் அந்த உரிமைக்கு வழி திறந்தது என்பது எண்ணத்தக்கது. ஆய்வு நன்று, அதற்குச் செலவானதும் உண்மை. ஆயினும், நோயாளியின் வலிக்கு ஒரு விலையும் உழவரின் முதுகுக்கு ஒரு விலையும் எந்தத் தராசில் நிறுக்கப்பட்டன?

இம்மருந்தின் தேவை இனியும் வளரலாம். இதய நாளங்களின் உட்சுவரில் புகையும் அழற்சியைத் தணிக்கவும் இது பயன்படும் என்று சில ஆய்வுகள் காட்டியதால், 2023-இல் அமெரிக்க அரசு அதற்கும் ஒப்புதல் அளித்தது. மாரடைப்புக்குப் பின் உடனே கொடுத்துப் பார்த்த பெரியதோர் ஆய்வு 2024-இல் பயன் காணவில்லை என்றது. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்டு நடக்கும். ஆனால் எந்த ஆய்வறிக்கையிலும் அந்தப் பெண்களின் இடுப்பு ஓர் இலக்கமாக இடம்பெறவில்லை.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் தூய பவுல், உறுப்புகள் பலவாயினும் உடல் ஒன்றே என்றும், ஓர் உறுப்பின் துன்பம் எல்லா உறுப்புகளுக்கும் துன்பமே என்றும் விளக்குகிறார். அதனைப் பலமுறை ஆலயத்தில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அழகிய உவமை என்று கடந்தும் போயிருக்கிறேன். அழற்சியைக் குறித்துப் படித்த பின்னரே, அது எத்துணை மெய்யான கூற்று என்று உணர்ந்தேன். விரலில் முள் தைத்த நொடியில் குருதியும் அணுக்களும் விரைகின்றனவே, அந்த விரைவு நம் ஊர் உடலில் எங்கே? ஒட்டன்சத்திரத்து வயலில் ஒரு முதுகு நோகும்போது எந்த உறுப்பு சிவக்கிறது, எந்த உறுப்பு சுடுகிறது? தனி மனித உடலில் அழற்சி மிகுந்தால் நோய். சமுதாய உடலில் நாம் காண்பதோ அதற்கு நேர்மாறான நோய். அங்கே புண் இருக்கிறது, வலி இல்லை. ஏனெனில் அதனை உணர வேண்டிய நாம் நன்றாகத் தணிக்கப்பட்டிருக்கிறோம். மலிவாகக் கிடைக்கும் நலமே நமக்கு மருந்தாகி, பிறர் வலியை நாம் அறியாதபடி செய்துவிட்டது.

இதற்காக மருந்தை விட்டுவிட வேண்டுமா? இல்லை. நான் மாத்திரையை மறுத்தால் அந்த அம்மையாரின் முதுகு நிமிரப்போவதில்லை; விற்காத விதைதான் மிஞ்சும். வலி தீர்க்கும் பயிர் அவர்களுக்குப் பிழைப்பு. அது பெருமைக்குரிய தொழிலும்கூட. வேண்டுவது வேறு. விளைவிப்போர் கூடிச் சங்கமாக விற்கவும், அடிப்படை விலையொன்றை அரசு உறுதி செய்யவும் வேண்டுமென்னும் அவர்கள் கோரிக்கைக்கு நம் குரலும் சேர வேண்டும். நஞ்சுள்ள பயிரைத் தொடும் கைகளுக்கு உறையும், கூலிப் பெண்களுக்கு நடுவே ஓய்வும், முதுகு வலிக்கு முறையான மருத்துவரும் கிடைக்க வேண்டும். பங்குகளில் நாம் நடத்தும் மருத்துவ முகாம்கள் நகரத்து மண்டபங்களோடு நில்லாமல், பூக்கும் பருவத்தில் அந்த வயலோரங்களுக்கும் செல்லலாமே. இவை பெரிய புரட்சிகளல்ல. முள் தைத்த இடத்துக்கு நாலு அணுக்கள் நகர்ந்து செல்வதைப் போன்றவை.

மருத்துவர் எனக்குச் சொன்ன எச்சரிக்கை அளவைப் பற்றியது. அந்த அளவுக்குள் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன். எவ்வளவு விழுங்கலாம் என்று கேட்பதோடு, யார் கையிலிருந்து வந்தது என்றும் கேட்பது. நன்றி என்பது இவ்வினாவிலிருந்துதான் தொடங்குகிறது போலும். நீதியும் அங்கிருந்தே தொடங்கக்கூடும்.

அன்று விடைபெறும்போது உழவர் ஒரு காய்ந்த காயை உடைத்து, உள்ளிருந்த செந்நிற விதைகளைக் காட்டினார். "வாயில போட்டுறாதீங்க" என்று சிரித்தார். தெற்கே பழனிமலை நீலக் கோடாகத் தெரிந்தது. அதன் உச்சியில் கழிந்த அந்த இரவையும், கம்பளியின் எடை தாங்காத விரலையும் நினைத்துக்கொண்டேன். கால் இப்போது வலிக்கவில்லை. பேருந்தில் ஏறி அமர்ந்தபின் திரும்பிப் பார்த்தேன். கொடிகளுக்கிடையே அந்த இரு பெண்களும் இன்னும் குனிந்தே இருந்தனர்.